நால்வர் அணியாக முதல் 24 மணி நேர அட்வெஞ்சர் ரேஸ்: முழுமையான வழிகாட்டி

முதல் முறையாக 24 மணி நேர அட்வெஞ்சர் ரேஸுக்குப் பெயர் கொடுக்க நினைக்கும் நான்கு பேருக்காக இதை எழுதுகிறேன். ஆளுக்கு 10 கி.மீ. ஓட முடியும், சைக்கிளில் 60, 70 கி.மீ. போய் வந்ததுண்டு, நீச்சல் தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன். நீச்சல் தெரியாதவர் இருந்தால் இதை மூடி வைத்துவிட்டு முதலில் அதைக் கற்றுக்கொண்டு வாருங்கள். ஒரு சீசன் தள்ளிப்போனால் ஒன்றும் குடிமுழுகிவிடாது.

போட்டியின் வடிவம் இதுதான்: நடை, சைக்கிள், கயாக் என்ற ஒடுக்கமான துடுப்புப் படகு, சில போட்டிகளில் கயிற்றில் இறங்குவது. வழியில் அம்புக்குறியோ ரிப்பனோ இருக்காது. மேப்பில் குறித்த செக்பாயிண்டுகளைக் காம்பஸ் வைத்துத் தேடிப் போய், ஒவ்வொன்றிலும் பதிவு செய்துவிட்டு அடுத்ததற்குக் கிளம்ப வேண்டும். ஒரு விளையாட்டிலிருந்து இன்னொன்றுக்கு மாறும் இடத்துக்கு டிரான்சிஷன் என்று பெயர். நால்வரும் சேர்ந்தே போக வேண்டும். நான்காவது ஆள் வந்து சேரும் நேரம்தான் அணியின் நேரம். கீழே சொல்லப்போவதில் பாதி இந்த நான்காவது ஆளைப் பற்றியதுதான்.

1. ஆள் சேர்க்கும் முன் குறிக்கோளைப் பேசி முடியுங்கள்

முடித்தால் போதுமா, இடம் பிடிக்க வேண்டுமா? இதை முதல் நாளே பேசிவிடுங்கள். இரவு 3 மணிக்கு ஒருவர் "பத்து நிமிஷம் படுத்துக்கிறேன்" என்பார், இன்னொருவர் முன்னால் போகும் அணியின் விளக்கைப் பார்த்துப் பல்லைக் கடிப்பார். அந்தச் சண்டைக்கு விதை ஆறு மாதத்துக்கு முன்பே விழுந்திருக்கும். கூடவே செலவையும் பேசுங்கள். பதிவுக் கட்டணத்தைவிடப் பொருள் வாங்குவதற்குத்தான் அதிகம் ஆகும்.

அட்வெஞ்சர் ரேஸ் உலகத் தொடர் போட்டிகளில் நால்வரில் ஆண், பெண் இருபாலரும் இருந்தாக வேண்டும். மற்றப் போட்டிகள் பலவற்றிலும் முதன்மைப் பிரிவு இந்தக் கலப்பு அணிதான். மூன்று நண்பர்கள் சேர்ந்துவிட்டுக் கடைசி மாதத்தில் "ஒரு பொண்ணு கிடைச்சாப் போதும்" என்று தேடுவதை ஒவ்வொரு முறையும் பார்க்கிறேன். அப்படி வந்து சேர்பவர் இந்த மூவரோடு ஒரு இரவு கூட நடந்திருக்க மாட்டார். நால்வரையும் ஒரே நாளில் முடிவு செய்யுங்கள்.

வேகம் ஓரளவு ஒத்துப்போனால் போதும், குணம் ஒத்துப்போவது முக்கியம். பசித்தால் எரிந்து விழுபவரா, வலித்தால் மறைப்பவரா என்று தெரிந்துகொள்ளுங்கள். முன்னவரைச் சமாளித்துவிடலாம். பின்னவர்தான் அணியைக் கவிழ்ப்பார்.

பொறுப்பைப் பிரிக்கும்போது மேப் பார்ப்பவரையே கேப்டன் ஆக்காதீர்கள். அவர் கண் மேப்பில் இருக்கும். பின்னால் ஒருவர் தள்ளாடுவது தெரியாது. கேப்டன் வேறு ஆளாக இருந்து நேரத்தையும் சாப்பாட்டையும் ஆட்களின் முகத்தையும் பார்த்துக்கொள்ள வேண்டும். மேப்புக்கு இரண்டாவது ஆள் ஒருவர் கட்டாயம் தேவை. சைக்கிள் பழுது பார்க்க நால்வருக்கும் தெரிய வேண்டும் என்றாலும் ஒருவருக்குக் கை நன்றாக ஓட வேண்டும்.

2. விதிமுறையை வரி வரியாகப் படியுங்கள்

பணம் கட்டிய அன்றே படியுங்கள். கட்டாயப் பொருள் பட்டியல் அதில்தான் இருக்கும்: ஹெட்லாம்ப், விசில், வெப்பப் போர்வை, மழைக்கோட்டு, முதலுதவிப் பை, லைஃப் ஜாக்கெட், ஹெல்மெட் என்று நீளும். மழைக்கோட்டு என்றால் தையல் உள்பக்கம் டேப் ஒட்டியதா, லைஃப் ஜாக்கெட் என்றால் எந்தத் தரம் என்பதெல்லாம் எழுதியிருக்கும். கடைசி வாரம் கடைக்கு ஓடினால் அந்தத் தரத்தில் கிடைக்காது. வழியில் சோதனை செய்து ஒரு பொருள் இல்லையென்றால் நேர அபராதம் போடுவார்கள், சில போட்டிகளில் வெளியே அனுப்பிவிடுவார்கள்.

அடிக்கோடிட வேண்டியவை சில உண்டு. அணியில் ஒருவருக்கொருவர் எவ்வளவு தூரத்துக்குள் இருக்க வேண்டும் என்பது ஒன்று. பெரும்பாலும் 50 முதல் 100 மீட்டர். ஜிபிஎஸ் கூடாது, போனை உறைக்குள் வைத்து சீல் வைத்துவிடுவார்கள். கையில் கட்டும் ஸ்போர்ட்ஸ் வாட்சுக்கும் இது பொருந்துமா என்று பாருங்கள், தெரியாமல் கட்டிக்கொண்டு வந்து மாட்டியவர்கள் உண்டு. அப்புறம் கட்ஆஃப் நேரங்கள், அதாவது இந்த இடத்தை இத்தனை மணிக்குள் தாண்டியாக வேண்டும் என்ற கெடு. ஆற்றில் இரவு துடுப்பு போடக்கூடாது என்ற தடை இருந்தால் அதை 'டார்க் ஸோன்' என்பார்கள். பொழுது சாய்ந்து பத்து நிமிடம் கழித்துக் கரைக்குப் போனால் விடியும்வரை அங்கேயே உட்கார வேண்டியதுதான்.

3. உடம்புக்கு முன் மேப்

புதியவர்கள் ஆறு மாதம் ஓடிவிட்டு, கடைசி இரண்டு வாரம் காம்பஸைக் கையில் எடுக்கிறார்கள். இதைத் தலைகீழாகச் செய்யுங்கள். வேகமாக ஓடிச் சம்பாதித்த 20 நிமிடத்தை ஒரு தவறான ஓடைக்குள் இறங்கி இரண்டு மணி நேரமாகத் திருப்பிக் கொடுத்துவிடலாம்.

இந்திய நில அளவைத் துறையின் 1:50,000 அளவு மேப்பை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் 1 செ.மீ. என்றால் தரையில் 500 மீட்டர். சம உயரக் கோடுகள் 20 மீட்டர் இடைவெளியில் இருக்கும். கோடுகள் நெருங்கியிருந்தால் செங்குத்து, விலகியிருந்தால் சமதளம் என்பது பள்ளிக்கூடத்திலேயே படித்ததுதான். ஆனால் எதிரே தெரியும் மலை முகட்டைக் காட்டி "இது எந்தக் கோடு?" என்று கேட்டால் பத்தில் எட்டுப் பேர் விழிக்கிறார்கள். அந்தப் பழக்கம் வீட்டுக்குள் உட்கார்ந்து வராது.

எங்கே பழகுவது? காப்புக்காட்டுக்குள் அனுமதியில்லாமல் கால் வைக்கக்கூடாது. 2018 மார்ச்சில் குரங்கணிக் காட்டுத்தீயில் 23 பேர் இறந்தபின் மலையேற்ற விதிகள் இறுகியிருக்கின்றன, அது நியாயமும்கூட. வனத்துறையின் ட்ரெக் தமிழ்நாடு பாதைகளில் வழிகாட்டி கூடவே வருவார். காலுக்குப் பயிற்சி ஆகும், மேப்புக்கு ஆகாது. நாங்கள் பழகியது மானாவாரிக் காடுகளிலும் ஏரிக்கரைகளிலும்தான். மேப்பில் நீலமாக இருக்கும் ஏரி நேரில் காய்ந்து சீமைக்கருவேலம் மண்டிக் கிடக்கும். நீரைத் தேடாதே, கரையின் வளைவைத் தேடு என்பது அங்கே போனால்தான் புரியும். மேப்பில் இருக்கும் ஒற்றையடிப் பாதை இப்போது தார்ச்சாலையாகியிருக்கும், இல்லாத இடத்தில் கல்குவாரி முளைத்திருக்கும். மனிதன் போட்டது மாறும், நிலத்தின் மேடுபள்ளம் அவ்வளவு சீக்கிரம் மாறாது. அதனால் எப்போதும் சம உயரக் கோட்டை நம்புங்கள், பாதையைச் சந்தேகப்படுங்கள். தனியார் நிலமென்றால் கேட்டுவிட்டுப் போங்கள். நாய்களுக்கு மேப் தெரியாது.

பழகும் வரிசை:

முதலில் மேப்பைத் திருப்பி நிலத்தோடு பொருத்துவது. வடக்குப் பக்கம் எப்போதும் வடக்கே இருக்க வேண்டும். எழுத்து தலைகீழாகத் தெரிந்தால் தெரியட்டும். அடுத்து, நிற்கும் இடத்தில் கட்டைவிரலை வைத்து, நகர நகர விரலையும் நகர்த்துவது. விரல் எடுத்த நிமிடம்தான் தொலைய ஆரம்பிக்கும் நிமிடம்.

பிறகு அடி எண்ணுவது. 100 மீட்டர் அளந்து, இடதுகால் தரையில் படும் தடவைகளை எண்ணுங்கள். சமதளத்தில் எனக்கு 64 வரும், ஏற்றத்தில் 80 தாண்டும். இரவில் "இன்னும் எவ்வளவு தூரம்" என்ற கேள்விக்கு இதைவிட்டால் பதில் இல்லை.

அதற்குப் பிறகுதான் வழியைத் துண்டாக்குவது. ஓடை, மின்கம்பி வரிசை, ஏரிக்கரை மாதிரி நீளமான ஒன்றைக் கைப்பிடிச் சுவர்போல் பிடித்துக்கொண்டு போங்கள். செக்பாயிண்டுக்கு அருகில் தவறவே முடியாத ஓர் இடத்தை, பாலம், இரண்டு ஓடை சேருமிடம் இப்படி ஏதாவதொன்றைத் தேர்ந்துகொண்டு, அங்கிருந்து மட்டும் காம்பஸ் பிடித்து நுழையுங்கள். செக்பாயிண்டைத் தாண்டிவிட்டால் எது வந்து தடுக்கும் என்பதையும் முன்கூட்டியே பார்த்துவையுங்கள். "ரோடு வந்துட்டா நாம தாண்டிட்டோம்" என்று வாய்விட்டுச் சொல்லுங்கள், மற்ற மூவர் காதிலும் விழட்டும்.

நேரம் கணிக்க நெய்ஸ்மித் விதி போதும்: மணிக்கு 5 கி.மீ., அதோடு ஒவ்வொரு 100 மீட்டர் ஏற்றத்துக்கும் 10 நிமிடம். 4 கி.மீ. தூரம், 300 மீட்டர் ஏற்றம் என்றால் 48 நிமிடமும் 30 நிமிடமும் சேர்த்து 78 நிமிடம். இரவு, முட்புதர், களைப்பு என்றால் ஒன்றரை மடங்கு வையுங்கள்.

வெளிநாட்டுப் போட்டிக்குப் போகிறவர்களுக்கு ஒன்று. தமிழ்நாட்டில் காம்பஸ் காட்டும் வடக்குக்கும் உண்மையான வடக்குக்கும் வித்தியாசம் ஓரிரண்டு டிகிரிதான். அதனால் திருத்திக் கணக்கிடும் பழக்கமே நமக்கு வருவதில்லை. நியூசிலாந்தின் தென் தீவில் அது 20 டிகிரிக்கு மேல். 20 டிகிரி தப்பாக 1 கி.மீ. நடந்தால் சுமார் 350 மீட்டர் தள்ளி நிற்பீர்கள். இன்னொன்று, ஐரோப்பாவுக்காகச் சமன் செய்த காம்பஸ் முள் தென் அரைக்கோளத்தில் சாய்ந்து, அடியில் உரசி நின்றுவிடும். எல்லா மண்டலத்துக்கும் பொருந்தும் குளோபல் முள் உள்ளதை வாங்கிக்கொள்ளுங்கள்.

4. சேர்ந்து செய்யும் பயிற்சி

தனித்தனியாக எவ்வளவு ஓடினாலும் அது பாதிதான். பதினாறு வாரம் இருந்தால் வார நாட்களில் அவரவர் பாட்டைப் பார்த்துக்கொண்டு, இரண்டு வாரத்துக்கு ஒரு முறையாவது நால்வரும் சேருங்கள். போட்டியில் தூக்கப்போகும் அதே பை, அதே எடை, அதே ஷூ. சைக்கிள் முடித்த கையோடு நடை, நடை முடித்த கையோடு சைக்கிள். இடுப்புக்குக் கீழே கால் ஈயமாகக் கனக்கும் அந்த முதல் 20 நிமிடம் உடம்புக்கு அறிமுகமாக வேண்டும்.

ஏற்றம் பழக, பக்கத்தில் இருப்பவர்களுக்குக் கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகள் போதும். ஆனால் தார்ச்சாலையோடு நின்றுவிடாதீர்கள். கல்லும் மணலும் கலந்த வண்டிப்பாதையில் எழுந்து நின்று ஓட்டப் பழகுங்கள்.

முழு இரவுப் பயிற்சி குறைந்தது இரண்டு வேண்டும். மாலை 6 மணிக்குத் தொடங்கிக் காலை 6 மணிவரை. யாருக்கு எத்தனை மணிக்குக் கண் செருகும், யாருக்கு வயிறு மக்கர் செய்யும் என்று அதில் தெரிந்துவிடும்.

5. கயாக்: யார் எங்கே உட்காருவது

பெரும்பாலும் இருவர் கயாக் இரண்டு கொடுப்பார்கள். பலசாலிகள் இருவரும் ஒரே படகில் ஏறக்கூடாது. ஏறினால் அவர்கள் முன்னால் போய்க் காத்திருப்பார்கள், அவ்வளவுதான். வலுவானவரையும் வலு குறைந்தவரையும் ஜோடி சேருங்கள். திசை பிடிக்கத் தெரிந்தவர் பின்னால். முன்னால் இருப்பவர் ஒரே தாளத்தில் போட வேண்டும், பின்னால் இருப்பவர் அந்தத் தாளத்தைப் பிடித்துக்கொள்வார். தாளம் தப்பினால் துடுப்போடு துடுப்பு இடிக்கும்.

தோளால் இழுப்பவர்கள் இரண்டு மணி நேரத்தில் ஓய்ந்துவிடுவார்கள். இடுப்பிலிருந்து உடம்பைத் திருப்பிப் போடுங்கள்; கை நீட்டியபடியே இருக்கட்டும். சென்னைப் பக்கம் உள்ளவர்களுக்கு முட்டுக்காடு உப்பங்கழி இருக்கிறது. கடலோரக் காற்று எதிரே அடிக்கும்போது நேர்கோட்டில் போவது எவ்வளவு பாடு என்று அங்கே தெரியும். படகைக் கவிழ்த்து, நீரிலிருந்தே ஏறிக்கொள்ளும் பயிற்சியை லைஃப் ஜாக்கெட்டோடு பத்துத் தடவையாவது செய்யுங்கள். போட்டியில் முதல் முறை கவிழ்ந்தால் பதற்றத்தில் துடுப்பை விட்டுவிடுவீர்கள்.

படகில் அசையாமல் உட்கார்ந்திருப்பதால் இடுப்புக்குக் கீழே குளிர்ந்துவிடும். மழைக்கோட்டைப் பைக்குள் வைக்காமல் போட்டுக்கொண்டே ஏறுங்கள்.

6. இழுவைக் கயிறு: வெட்கப்பட ஒன்றுமில்லை

நால்வரும் ஒரே நேரத்தில் ஒரே தெம்பில் இருக்க மாட்டார்கள். தெம்பு மிச்சம் இருப்பவரிடமிருந்து இல்லாதவருக்கு அதை மாற்ற இரண்டே வழி: அவர் பையை வாங்கிக்கொள்வது, அவரைக் கயிறு கட்டி இழுப்பது.

நடையில், இரண்டு மீட்டர் நீள எலாஸ்டிக் கயிற்றை முன்னவர் பையின் பின்புறம் மாட்டி, மறுமுனையைப் பின்னவர் இடுப்புப் பட்டையில் காரபைனரால் (திறந்து மூடும் உலோகக் கொக்கி) கோத்துவிடுங்கள். சைக்கிளில், இழுத்தால் நீண்டு விட்டால் சுருண்டு உள்ளே போகும் நாய்ப் பட்டையை முன்வண்டியின் சீட்டுக்குக் கீழே கட்டுங்கள். பின்னவர் அதன் வளையத்தை ஹேண்டில்பார் நடுத்தண்டில் மாட்டிக்கொள்வார். முடிச்சுப் போடவே கூடாது. ஒரு விரலில் தட்டினால் கழன்றுவிட வேண்டும். இறக்கத்திலும் கரடுமுரடான இடத்திலும் கழற்றிவிடுங்கள், முன்னவர் பிரேக் அடித்தால் பின்னவர் அவர்மேல்தான் போய் விழுவார்.

கயிற்றைவிடக் கஷ்டம் மனசு. எங்கள் அணியில் மூத்தவர் ஒருவர். ஒரு ஏற்றத்தில் அவர் மூச்சு மாறுவதைக் கேட்டுவிட்டுத் தம்பி கேட்டான்: "அண்ணா, பையக் குடுங்க."

"வேணாம்ப்பா, நான் பாத்துக்கறேன்."

ஐம்பது நிமிடம் கழித்து ஒரு பாறையில் உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. அவரை மறுபடி நடக்கவைக்க முக்கால் மணி நேரம் ஆயிற்று. பையைக் கொடுத்திருந்தால் நிற்கவே வேண்டியிருந்திருக்காது. அடுத்த போட்டியிலிருந்து ஒரு விதி வைத்துக்கொண்டோம். ஒவ்வொரு செக்பாயிண்டிலும் நால்வரும் ஒன்று முதல் ஐந்துக்குள் ஒரு எண் சொல்ல வேண்டும். ஐந்து என்றால் ஜோர், ஒன்று என்றால் முடியவில்லை. இரண்டு சொன்னவரின் பையைக் கேட்காமலே எடுத்துவிடுவோம். "முடியுதா?" என்று கேட்டால் நம் ஊரில் யாரும் முடியவில்லை என்று சொல்வதில்லை. எண் கேட்டால் சொல்லிவிடுகிறார்கள்.

இழுவையைத் தெம்பு தீர்வதற்கு முன்பே, ஏற்றம் தொடங்கும்போதே மாட்டுங்கள். பயிற்சியில் பத்து முறை மாட்டிக் கழற்றியிருந்தால்தான் போட்டியில் கை போகும்.

7. பெட்டி அடுக்குவது

டிரான்சிஷனுக்குப் பெட்டிகளை அமைப்பாளர்களே கொண்டுபோய் வைப்பார்கள். எடை வரம்பு இருக்கும். வீட்டிலேயே தராசில் வைத்துப் பாருங்கள். பொருளை ஆள் வாரியாக அடுக்காமல் டிரான்சிஷன் வாரியாக அடுக்குங்கள். கடைசியில் தேவைப்படுவது அடியில், முதலில் தேவைப்படுவது மேலே. ஒவ்வொரு டிரான்சிஷனுக்குமான சாப்பாடு, பேட்டரி, காலுறை எல்லாவற்றையும் ஒரே கண்ணாடிப் பையில் போட்டு, மேலே கொட்டை எழுத்தில் எண் எழுதுங்கள். மூடியின் உள்பக்கம் "இங்கே எதை எடுக்க வேண்டும், எதை விட வேண்டும்" என்ற பட்டியலை ஒட்டிவிடுங்கள். இரவு 2 மணிக்கு மூளை வேலை செய்யாது, பட்டியல் செய்யும்.

8. மேப் கையில் கிடைத்ததும்

பெரும்பாலும் தொடங்குவதற்குச் சில மணி நேரம் முன்புதான் மேப் தருவார்கள். மேப்பைத் தொடும் முன் கூடவே தரும் குறிப்புத்தாளை ஒருவர் சத்தமாக வாசிக்கட்டும். எந்தச் சாலையில் போகக்கூடாது, எந்த வரிசையில் எடுக்க வேண்டும் என்பது அதில்தான் இருக்கும்.

செக்பாயிண்டுகளை மேப் கட்டங்களின் எண்களாகக் கொடுத்து நீங்களே குறிக்கச் சொன்னால், ஒருவர் குறித்து இன்னொருவர் புதிதாகச் சரிபார்க்க வேண்டும். எங்கள் முதல் போட்டியில் நான் தனியாகக் குறித்தேன். ஆறிலக்க எண்ணில், கிழக்கு நோக்கிய தூரத்தைக் காட்டும் முதல் மூன்று இலக்கம் 437 என்பதை 447 என்று படித்துவிட்டேன். ஒரே இலக்கம்தான், தரையில் சரியாக 1 கி.மீ. கிழக்கே. ஒரு கரட்டைச் சுற்றிச் சுற்றி மூன்று மணி நேரம் தேடினோம். "போட்டி நடத்துறவங்க வைக்க மறந்துட்டாங்க" என்று திட்டிக்கொண்டே தேடினோம் என்பதுதான் இன்னும் கூச்சமாக இருக்கிறது. செக்பாயிண்ட் இல்லை என்று தோன்றினால் தப்பு உங்களுடையது என்றே வைத்துக்கொண்டு யோசியுங்கள்.

வழியை ஹைலைட்டரில் வரையும்போது கோட்டின் மேலேயே வரையாமல் அதன் பக்கத்தில் வரையுங்கள். இல்லையென்றால் அடியில் இருக்கும் ஓடையும் சம உயரக் கோடும் மறைந்துவிடும். ஒவ்வொரு துண்டுக்கும் தூரம், ஏற்றம், கணித்த நேரம் எழுதுங்கள். கட்ஆஃப், டார்க் ஸோன் நேரங்கள் சிவப்பில். பிறகு நனையாதபடி ஒட்டுத்தாள் ஒட்டி மடியுங்கள். இதை இருவர் செய்யும்போது மற்ற இருவர் சாப்பாடு கட்டட்டும். நால்வரும் மேப்பின் மேல் குனிந்து கருத்துச் சொன்னால் விடிந்துவிடும்.

9. முதல் மூன்று மணி நேரமும், சாப்பாடும்

தொடக்கக் கொடி அசைந்ததும் எல்லோரும் ஓடுவார்கள். நீங்கள் பேசிக்கொண்டே போக முடியும் வேகத்தில் போங்கள். முன்னால் போகும் அணியின் பின்னால் போகாதீர்கள்; அவர்களும் வேறு யாரையோ பின்தொடர்ந்துகொண்டிருக்கலாம். ஆறு அணிகள் வரிசையாக ஒரே தப்பான ஓடையில் இறங்கியதை நான் பார்த்திருக்கிறேன், ஆறாவதாக இறங்கியதும் நாங்கள்தான்.

பசிக்கும்வரை காத்திருந்தால் தாமதம். மணிக்கு ஏறத்தாழ 200 முதல் 300 கலோரி உள்ளே போக வேண்டும். வாட்சில் 30 நிமிடத்துக்கு ஒரு அலாரம் வைத்து, அடித்ததும் கேப்டன் "வாய்" என்று சத்தம் போடட்டும். 30 கிராம் கடலை மிட்டாய் சுமார் 150 கலோரி. ஆனால் எட்டு மணி நேரத்துக்குப் பிறகு இனிப்பைப் பார்த்தாலே குமட்டும். அப்போது உப்பு போட்ட வேகவைத்த உருளைக்கிழங்கு, புளியோதரை, சப்பாத்திச் சுருள் இவைதான் இறங்கும். கடையில் விற்கும் எனர்ஜி ஜெல்லை மட்டும் நம்பி வந்தவர்கள் நள்ளிரவில் எங்கள் புளியோதரையைப் பார்த்த பார்வை எனக்குத் தெரியும்.

தண்ணீரை மட்டும் லிட்டர் லிட்டராகக் குடித்தால் ரத்தத்தில் சோடியம் இறங்கித் தலைவலி, வாந்தி, குழப்பம் வரும். உப்பு கலந்த பானமோ உப்புச் சாப்பாடோ கூடவே இருக்கட்டும். தாகத்துக்கு ஏற்பக் குடியுங்கள். ஓடைத் தண்ணீர் என்றால் வடிகட்டியோ மாத்திரை போட்டோதான்.

10. டிரான்சிஷன்: நேரம் கரையும் இடம்

ஐந்து டிரான்சிஷன், ஒவ்வொன்றிலும் 30 நிமிடம் என்றால் இரண்டரை மணி நேரம். அதை 12 நிமிடமாக்கினால் ஒன்றரை மணி நேரம் மிச்சம். அந்த ஒன்றரை மணி நேரத்தைக் காலால் ஓடிச் சம்பாதிக்க எத்தனை மாதப் பயிற்சி வேண்டும் என்று யோசித்துப் பாருங்கள்.

புதிய அணி உள்ளே வந்தால் நடப்பது இது. நால்வரும் தொப்பென்று உட்காருவார்கள். ஒருவர் காலுறையைத் தேடிப் பெட்டியைக் கவிழ்ப்பார். அது தரையில் விழுந்த மழைக்கோட்டுக்கு அடியில் இருக்கும். இன்னொருவர் தயாராகி நின்று குளிரில் நடுங்குவார். நான்காவது ஆள் கிளம்பும்போது முதல் ஆளுக்கு ஒதுங்கத் தோன்றும்.

இப்படிச் செய்யுங்கள். வருவதற்கு 15 நிமிடம் முன்பே நடந்துகொண்டே பேசுங்கள்: அடுத்து என்ன, எவ்வளவு நேரம், யார் எதைச் செய்வது. உள்ளே நுழைந்ததும் ஒருவர் பதிவு செய்துவிட்டுத் தண்ணீர் நிரப்பப் போவார். ஒருவர் சைக்கிள்களைப் பார்ப்பார். மேப் பார்ப்பவர் அடுத்த மேப்பை எடுத்துப் பலகையில் மாட்டுவார், அவர் பையை வேறொருவர் அடுக்கித் தருவார். முதலில் உடை, பிறகு பை, கடைசியில் சாப்பாட்டைக் கையில் எடுத்துக்கொண்டு கிளம்பி, வழியில் தின்னுங்கள். முதலில் முடித்தவர் சும்மா நிற்காமல் கடைசி ஆளுக்குக் கை கொடுக்க வேண்டும். கிளம்புமுன் கேப்டன் வாய்விட்டுக் கேட்க வேண்டியது நான்கே: மேப், விளக்கு, தண்ணீர், ஹெல்மெட்.

இதை மொட்டை மாடியில், விளக்கை அணைத்துவிட்டு, கடிகாரம் வைத்துப் பழகலாம். பக்கத்து வீட்டார் ஒருமாதிரி பார்ப்பார்கள், பரவாயில்லை.

உட்காரக்கூடாது என்பதற்கு ஒரே விலக்கு பாதம். ஷூவைக் கழற்றி, மணலைத் துடைத்து, வாஸ்லின் தடவி, காய்ந்த காலுறை போடுங்கள். நடக்கும்போது ஓரிடத்தில் சூடாக எரிவது தெரிந்தால் கொப்புளம் வரும்வரை காத்திருக்காமல் அங்கேயே நின்று டேப் ஒட்டுங்கள். அதற்கு மூன்று நிமிடம். கொப்புளம் உடைந்தால் அணிக்கே நடை பாதியாகும். ஷூவை அரை அளவு பெரிதாக எடுத்துக்கொள்வதும் இதற்காகத்தான். பல மணி நேரத்தில் பாதம் வீங்கும்.

11. கயிற்றில் இறங்கும் இடம்

இதை வீடியோ பார்த்துப் பழகாதீர்கள். பயிற்சி பெற்றவரிடம் ஒரு நாள் கற்றுக்கொள்ளுங்கள். ஹார்னஸ் (இடுப்பிலும் தொடையிலும் மாட்டும் பாதுகாப்புப் பட்டை) கொக்கியை இருமுறை பாருங்கள், அருகில் இருப்பவரும் பார்க்கட்டும். நீள முடியையும் சட்டை நுனியையும் உள்ளே செருகுங்கள், இறங்கு கருவியில் சிக்கும். வரிசை இருந்தால் அந்த நேரத்தில் சாப்பிடுங்கள்.

12. இரவு 2 முதல் 5 வரை

இந்த மூன்று மணி நேரத்தில்தான் அதிகம் தொலைவார்கள். மேப் பார்ப்பவர் ஒரே கோட்டை மூன்று முறை பார்ப்பார், பதில் வராது. அப்போது மேப்பை இரண்டாவது ஆளிடம் கொடுத்துவிட வேண்டும். அடம்பிடிப்பார்; கேப்டன் வாங்கிவிடலாம்.

தொலைந்தோம் என்று ஒருவருக்குத் தோன்றினாலே நில்லுங்கள். "இன்னும் கொஞ்சம் போனால் தெரிந்துவிடும்" என்று நடந்தால் தப்பு பெரிதாகும். நிச்சயமாகத் தெரிந்த கடைசி இடம் எது என்று கேளுங்கள், அங்கே திரும்புங்கள். பத்து நிமிடம் தேடியும் கிடைக்காவிட்டால் திரும்புவது என்று முன்பே முடிவு செய்திருந்தால் வாக்குவாதம் வராது.

24 மணி நேரப் போட்டியில் தூங்காமல் போகலாம். ஆனால் சைக்கிளில் கண் சொக்கினால் ஓட்டக்கூடாது. பேச்சு, பாட்டு, காபி எதற்கும் அடங்காவிட்டால் நால்வரும் வெப்பப் போர்வைக்குள் 15 நிமிடம் படுங்கள், இரண்டு அலாரம் வைத்துவிட்டு. புதர் யானையாகத் தெரிவதெல்லாம் சகஜம், சொல்லிச் சிரித்துவிடுங்கள். நிஜமாகவே யானை உள்ள பகுதி என்றால் அமைப்பாளர் சொன்ன விதியை அட்சரம் பிசகாமல் கடைப்பிடியுங்கள்.

நிற்கும்போது மழைக்கோட்டைப் போடுங்கள், நடுக்கம் வந்தபிறகு அல்ல. ஒருவர் பேச்சு குழறி, கை தடுமாறினால் உடல் வெப்பம் இறங்குகிறது என்று அர்த்தம். ஈரத்தை மாற்றி, போர்வை சுற்றி, இனிப்பு கொடுங்கள். அவர் தேறும்வரை போட்டி நிற்கட்டும்.

13. விலக வேண்டியிருந்தால்

கட்ஆஃப் தாண்டும் அணிகளைப் பல போட்டிகளில் சுருக்கப் பாதையில் திருப்பிவிடுவார்கள். அதை அவமானமாக எடுத்துக்கொள்ளாமல் போய் முடியுங்கள். ஒருவர் விலகினால் அணி தரவரிசையில் இருக்காது, ஆனால் மற்றவர்களைத் தொடர விடுவார்களா என்று விதியில் பாருங்கள். தலையில் அடி, நெஞ்சு வலி, நிற்காத வாந்தி, குழப்பமான பேச்சு இவற்றில் எது வந்தாலும் வாக்கெடுப்பு கிடையாது. டிராக்கரில் (அணி எங்கே இருக்கிறது என்று அமைப்பாளருக்குக் காட்டும் கருவி) உதவி பொத்தானை அழுத்திவிட்டு அங்கேயே இருங்கள். காயம்பட்டவரைத் தனியாக விட்டுவிட்டு உதவி தேடப் போகாதீர்கள்.

14. முடிவுக் கோட்டைத் தாண்டியபின்

நால்வரும் சேர்ந்து தாண்டுங்கள், டிராக்கரையும் பதிவு அட்டையையும் திருப்பிக் கொடுங்கள், உப்பும் மாவுச்சத்தும் உள்ள எதையாவது சாப்பிடுங்கள். ஈரப் பொருட்களைப் பெட்டிக்குள் போட்டு மூடாதீர்கள், இரண்டே நாளில் நாறிவிடும். அன்றிரவு வண்டி ஓட்டிக்கொண்டு ஊர் திரும்பக்கூடாது. விழித்திருப்பதுபோலத் தோன்றும், ஸ்டியரிங்கில் கை வைத்த பத்தாவது நிமிடம் கண் மூடும். அங்கேயே ஒரு அறை எடுத்துத் தூங்குங்கள், அல்லது போட்டியில் ஓடாத ஒருவரை ஓட்டுவதற்கென்றே கூட்டிப் போங்கள். அவருக்கான சாப்பாட்டுச் செலவை முதல் நாள் போட்ட கணக்கிலேயே சேர்த்துவிடுங்கள்.